கன்சோலில் கீபோர்டு தகராறு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

இது லினக்ஸின் கறுப்புத் திரைக் கன்சோலுக்கான குறிப்பு, அதாவது கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 போன்ற கூட்டை அழுத்தினால் வரும் முழுத்திரை எழுத்து முனையத்துக்கானது. க்னோம், கேடிஇ போன்ற வரைகலைச் சூழலுக்குள் திறக்கிற டெர்மினல் சாளரத்துக்கு இதில் பாதி பொருந்தாது. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் கீபோர்டிலிருந்து எழுத்து வந்து சேரும் பாதை வேறு வேறு. வரைகலை அமைப்புகளில் போய் லேஅவுட்டை (எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அமைப்பை) மாற்றிவிட்டு, கன்சோலில் ஒன்றும் மாறவில்லையே என்று குழம்புகிறவர்கள்தான் அதிகம்.

அந்தப் பாதையை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள், பிற்பாடு தேடுவது சுலபம். விசையை அழுத்தியதும் கீபோர்டு ஒரு ஸ்கேன்கோடை அனுப்பும். இயங்குதளத்தின் மையமான கர்னல் அதைக் கீகோடு என்கிற எண்ணாக மாற்றும். கீமேப் என்கிற அட்டவணை அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று முடிவு செய்யும். அப்புறம் டிடிஒய் என்கிற முனைய அடுக்கு வருகிறது. பேக்ஸ்பேஸ், கன்ட்ரோல்+சி, கன்ட்ரோல்+எஸ் போன்றவற்றை அதுதான் பிடித்துக்கொள்ளும். மீதி வருவதுதான் கட்டளை வாங்கும் பேஷுக்கோ உரை திருத்தும் விம்முக்கோ போய்ச் சேரும். வரைகலைச் சூழல் கீகோடு வரைக்கும்தான் கர்னலோடு வரும். அதற்குப் பிறகு எழுத்தை முடிவு செய்வது எக்ஸ்கேபி என்கிற வரைகலைப் பக்கத்துக் கீபோர்டு அமைப்பு. கோளாறு எந்த அடுக்கில் என்று தெரியாமல் கட்டமைப்புக் கோப்புகளைத் திருத்த ஆரம்பித்தால், இருந்த ஒரு கோளாறு இரண்டாகும்.

தொடங்குமுன் இரண்டு விஷயம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிபெயர்த்து எழுதியிருக்கிறேன். தட்டும்போது எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது, லோட்கீஸ் (கீமேப் மாற்ற), செட்ஃபான்ட் (எழுத்துரு மாற்ற), எஸ்டிடிஒய் (டிடிஒய் அமைப்பு மாற்ற) ஆகிய மூன்று கட்டளைகளும் தற்காலிகமானவை, ரீபூட் செய்தால் போய்விடும். அது நல்லதுதான். முதலில் இவற்றால் சோதித்துப் பாருங்கள், சரியாக வந்த பிறகு கோப்பில் எழுதுங்கள். முடிந்தால் இன்னொரு கணினியிலிருந்து ஒரு எஸ்எஸ்ஹெச் இணைப்பை (தொலைவிலிருந்து கட்டளை தட்டும் வழி) திறந்தே வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டு அமைப்பைக் கெடுத்துக்கொண்டால் அதைச் சரிசெய்ய இன்னொரு கீபோர்டு வேண்டும்.

கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை

லேப்டாப் என்றால் முதலில் எஃப்என் விசையைச் சந்தேகப்படுங்கள். பல மாடல்களில் எஃப் வரிசை ஒலி, வெளிச்சம் கூட்டிக் குறைக்கத்தான் முதலில் வேலை செய்யும். எஃப்என் விசையையும் சேர்த்து நான்கு விசையாக அழுத்திப் பாருங்கள்.

அப்படியும் நடக்கவில்லையா? வரைகலை டெர்மினலில் இதைத் தட்டுங்கள் (சுடோ என்றால் நிர்வாகி அனுமதியோடு ஓட்டு, சிஹெச்விடி என்றால் முனையத்தை மாற்று):

சுடோ சிஹெச்விடி 3

திரை மாறினால் கர்னல் பக்கம் பழுதில்லை; விசைக்கூட்டுதான் போய்ச் சேரவில்லை. அப்போது பார்க்க வேண்டியது வரைகலையை ஓட்டும் எக்ஸ்ஆர்க்கின் கட்டமைப்பில் "டோன்ட்விடிஸ்விட்ச்" என்ற விருப்பத்தை யாராவது போட்டு வைத்திருக்கிறார்களா என்பது. பொது இடங்களில் வைக்கும் கணினிகளில் வேண்டுமென்றே போடுவார்கள். /ஈடிசி/எக்ஸ்11/எக்ஸ்ஆர்க்.கான்ஃப்.டி அடைவில் (எக்ஸ்11இல் எக்ஸ் பெரிய எழுத்து) தேடினால் கிடைக்கும்.

மெய்நிகர் கணினிக்குள் இருந்தால் கதை வேறு. அந்த விசைக்கூட்டை வெளியில் ஓடும் லினக்ஸ் பிடுங்கிக்கொண்டு, தன் கன்சோலுக்கு மாறிவிடும். விர்ச்சுவல்பாக்ஸில் ஹோஸ்ட் விசையையும் எஃப்3யையும் சேர்த்து அழுத்த வேண்டும். வழக்கமாக வலப்பக்கக் கன்ட்ரோல்தான் ஹோஸ்ட் விசை. விர்ட்-மேனேஜரில் விசைகளை அனுப்புவதற்கென்றே ஒரு மெனு இருக்கிறது.

ஏன் எஃப்3 என்கிறேன் தெரியுமா? இப்போதைய க்னோம் நிறுவல்களில் உள்நுழைவுத் திரை முதல் முனையத்திலும் உங்கள் அமர்வு இரண்டாவதிலும் இருப்பது வழக்கம். முன்பெல்லாம் வரைகலை ஏழாவதில் இருந்தது, அதனால் பழைய கட்டுரைகள் எஃப்7ஐ அழுத்தித் திரும்பச் சொல்லும். அங்கே போனால் இப்போது வெறும் கறுப்புத்தான் இருக்கும். உங்கள் அமர்வு எந்த டிடிஒய்யில் என்பதை "லாகின்சிடிஎல்" என்று மட்டும் தட்டினாலே பட்டியலில் காட்டிவிடும்.

திரை மாறுகிறது, ஆனால் லாகின் கேட்கவில்லை

மூலையில் கர்சர் மட்டும் மினுக்குகிறது என்றால், எத்தனையாவது முனையத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். கர்னல் 63 மெய்நிகர் முனையங்கள் வரை தரும், ஆனால் எல்லாவற்றிலும் லாகின் ஓடாது. சேவைகளை எழுப்பி நடத்தும் சிஸ்டம்டி உள்ள கணினிகளில் முதல் ஆறுக்குத்தான் அந்த வசதி, அதுவும் நீங்கள் அங்கே போய் நிற்கும்போதுதான் லாகின் கேட்கும் கெட்டி நிரல் எழுப்பப்படும். ஆகவே எட்டாவதில் வெறுமையாக இருப்பது கோளாறு அல்ல. அங்கேயும் வேண்டும் என்றால்:

சுடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் கெட்டி@டிடிஒய்8

முதல் ஆறிலேயே வரவில்லை என்றால் /ஈடிசி/சிஸ்டம்டி/லாகின்டி.கான்ஃப் கோப்பில் "என்ஆட்டோவிடிஸ்" என்ற வரியைப் பாருங்கள். என், ஏ, வி, டி நான்கும் அதில் பெரிய எழுத்து. மதிப்பு 0 என்று இருந்தால் தானாக எதுவும் எழாது. அது 6 ஆக இருந்தும் வரவில்லையென்றால் "சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கெட்டி@டிடிஒய்3" கொடுத்துப் பாருங்கள்; யாராவது அதை மாஸ்க் செய்து (எழவே விடாமல் தடுத்து) வைத்திருக்கக்கூடும்.

கர்சர்கூட இல்லை, மானிட்டரே சிக்னல் இல்லை என்கிறது என்றால் கீபோர்டை விட்டுவிடுங்கள். அது கிராஃபிக்ஸ் டிரைவரின் வேலை. என்விடியாவின் சொந்த டிரைவரில் இது சகஜம், கர்னல் அளவுருவாக "என்விடியா-டிஆர்எம்.மோட்செட்=1" சேர்த்தால் பெரும்பாலும் வரும். முதலில் கணினி எழும்போது வரும் க்ரப் மெனுவில் ஈ விசையை அழுத்தி அந்த ஒரு தடவைக்கு மட்டும் சேர்த்துப் பாருங்கள்.

பாஸ்வேர்டு சரிதான், ஆனாலும் உள்ளே விட மறுக்கிறது

அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான். வரைகலையில் ஏற்கிற அதே பாஸ்வேர்டைக் கன்சோல் ஏற்காது. மறந்துவிட்டோமோ என்று பாஸ்வேர்டை மாற்றப் போகாதீர்கள். பத்தில் ஒன்பது முறை கீமேப்தான் காரணம்.

லாகின் பெயர் கேட்கும் இடத்தில் தட்டுவது திரையில் தெரியும் அல்லவா, அங்கே சோதியுங்கள். முழு பாஸ்வேர்டையும் அங்கே தட்டிவிடாதீர்கள். தவறான பயனர் பெயர்கள் பதிவேட்டில் போய் உட்காரும் வாய்ப்பு உண்டு, உங்கள் பாஸ்வேர்டு அங்கே வெட்டவெளிச்சமாகிவிடும். பாஸ்வேர்டில் உள்ள சிறப்புக் குறிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து அழித்துவிடுங்கள்.

ஷிஃப்ட்+2 அழுத்தினால் அட் குறிக்குப் பதில் இரட்டை மேற்கோள் வந்தால் பிரிட்டன் லேஅவுட் ஏறியிருக்கிறது. ஷிஃப்ட்+3க்கு பவுண்டு குறி வந்தாலும் அதுவே. ஒய்யும் இசட்டும் இடம் மாறினால் ஜெர்மன். ஏ அழுத்தினால் க்யூ வந்தால் பிரெஞ்சு. நிறுவும்போது மொழி கேட்ட இடத்தில் பிரிட்டன் ஆங்கிலம் என்று தேர்ந்தெடுத்தால் கீபோர்டும் கூடவே அந்த நாட்டுக்குப் போய்விடுவது உண்டு. இந்தியாவில் விற்கும் கீபோர்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்க லேஅவுட் என்பதால் இது உடனே பல்லிளிக்கும்.

யூ, ஐ, ஓ தட்டினால் 4, 5, 6 வருகிறதா? அது கீமேப் இல்லை. எண் பலகை தனியாக இல்லாத பழைய லேப்டாப்களில் நம்லாக் போட்டிருந்தால் அப்படி வரும்.

எப்படியாவது உள்ளே போய்விட்டால், முதலில் தற்காலிகமாக:

சுடோ லோட்கீஸ் யூஎஸ்

இது எல்லா மெய்நிகர் முனையங்களுக்கும் ஒரேயடியாகப் பொருந்தும், நீங்கள் நிற்கும் ஒன்றுக்கு மட்டும் அல்ல. எஸ்எஸ்ஹெச் வழியாகவோ வரைகலை டெர்மினலிலிருந்தோ சுடோ இல்லாமல் கொடுத்தால் கன்சோலைத் திறக்க முடியவில்லை என்று ஒரு பிழைச் செய்தி வரும். கீபோர்டு கெட்டுவிட்டதாக அதற்குப் பொருள் இல்லை, அனுமதி இல்லை என்றுதான் பொருள்.

நிலையாக மாற்றுவதில் டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகைக்கு வகை) வேறுபாடு உண்டு. டெபியன், உபுண்டு, மின்ட் வகையறாவில்:

சுடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கீபோர்டு-கான்ஃபிகரேஷன்

கேள்விகளுக்குப் பதில் சொன்னால் அது /ஈடிசி/டீஃபால்ட்/கீபோர்டு கோப்பை எழுதும். கோப்பை நேரடியாகத் திருத்தினால் பிறகு "சுடோ செட்டப்கான்" கொடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ரீபூட் வரை பழையதே ஓடும். இந்த வகையறாவில் ஒரு நல்ல விஷயம், கன்சோலும் வரைகலையும் அதே ஒரு கோப்பைத்தான் படிக்கின்றன. ஆனால் க்னோம் தன் சொந்த அமைப்பை அதற்கு மேல் போட்டுக்கொள்ளும். அதனால்தான் இரண்டு இடத்திலும் இரண்டு மாதிரி நடக்கிறது. ஃபெடோரா, ஆர்ச் இரண்டிலும் "சுடோ லோக்கேல்சிடிஎல் செட்-கீமேப் யூஎஸ்" போதும், அது /ஈடிசி/விகன்சோல்.கான்ஃப் கோப்பில் கீமேப் வரியை எழுதிவிடும். கூடவே வரைகலைக்கான எக்ஸ் லேஅவுட்டையும் அதற்கேற்ப மாற்றப் பார்க்கும். அது வேண்டாம் என்றால் "--நோ-கன்வர்ட்" சேர்த்துக்கொள்ளுங்கள்.

வட்டை மறையாக்கம் செய்திருக்கிறீர்களா? கணினி எழும்போதே கேட்கிற அந்த லக்ஸ் (லினக்ஸின் வட்டு மறையாக்க முறை) கடவுச்சொற்றொடருக்கு மேலே சொன்ன திருத்தம் மட்டும் போதாது. அந்தக் கட்டத்தில் ஓடுவது இனிட்ராம்எஃப்எஸ் என்கிற தற்காலிகச் சிறு அமைப்பு, அதற்குள் கீமேப்பின் தனி நகல் ஒன்று இருக்கிறது. டெபியனில் "சுடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ", ஃபெடோராவில் "சுடோ டிராகட் -எஃப்" என்று அதைப் புதுப்பிக்க வேண்டும். ஆர்ச்சில் அதை உருவாக்கும் எம்கேஇனிட்சிபிஐஓவின் கட்டமைப்பில் கீமேப் கொக்கி (ஹூக்) என்க்ரிப்ட் கொக்கிக்கு முன்னால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி உருவாக்க வேண்டும். க்ரப்பே கடவுச்சொல் கேட்கும் அமைப்பு என்றால் அது இதையெல்லாம் மதிக்காது, அமெரிக்க லேஅவுட் என்றே எடுத்துக்கொள்ளும். எனக்குப் பிடித்த வழி, "கிரிப்ட்செட்டப் லக்ஸ்ஆட்கீ" கொண்டு இரண்டாவதாக ஒரு சொற்றொடரைச் சேர்த்துவிடுவது (ஆட், கீ இரண்டின் முதலெழுத்தும் பெரியது). எந்த லேஅவுட்டிலும் இடம் மாறாத எழுத்துகளை மட்டும் வைத்து நீளமாக அமைத்தால் போதும். லக்ஸின் முதல் பதிப்பிலேயே எட்டுச் சாவி இடங்கள் உண்டு, ஒன்றைச் செலவழிக்கலாம்.

பயனர் பெயரையே தட்ட முடியவில்லை, தமிழ் விசைதான் ஏறியிருக்கிறது

தமிழ்99 லேஅவுட்டை /ஈடிசி/டீஃபால்ட்/கீபோர்டு கோப்பில் ஒற்றை லேஅவுட்டாகவோ முதலாவதாகவோ எழுதியவர்களுக்கு வரும் வில்லங்கம் இது. பயனர் பெயர் ரோமன் எழுத்தில் இருக்க, கீபோர்டில் ரோமன் எழுத்தே இருக்காது. லேஅவுட் வரியில் எப்போதும் யூஎஸ் முதலில், காற்புள்ளி, பிறகு ஐஎன் என்று இருக்கட்டும். மாற்றிக்கொள்ள ஆல்ட்+ஷிஃப்ட் போன்ற ஒரு கூட்டையும் விருப்பங்கள் வரியில் போட்டுவிடுங்கள்.

அதில் ஒரு நுணுக்கம் உண்டு. வேரியன்ட் வரியில் தமிழ்99 வகையை எழுதும்போது முன்னால் ஒரு வெற்றுக் காற்புள்ளி வேண்டும். காற்புள்ளியை விட்டுவிட்டால் அந்த வகை முதல் லேஅவுட்டான யூஎஸ்ஸுக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே அப்படி ஒன்று இல்லாததால் முழு அமைப்பும் செல்லாமல் போகும்.

ஏற்கெனவே வெளியில் மாட்டிக்கொண்டிருந்தால் எஸ்எஸ்ஹெச் வழியாக வந்து திருத்துங்கள். அதுவும் இல்லையென்றால் நிறுவலுக்குப் பயன்படுத்திய யுஎஸ்பியில் எழுப்பி, வட்டை மவுன்ட் செய்து அந்தக் கோப்பைத் திருத்தினால் போதும்.

தமிழ் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது

கன்சோல் எழுத்துருவை மாற்றினால் வந்துவிடும் என்று பலர் மணிக்கணக்கில் தேடுகிறார்கள். வராது. கர்னல் கன்சோலின் எழுத்துருவில் அதிகபட்சம் 512 வடிவங்கள்தான். தமிழின் 247 எழுத்து அதற்குள் அடங்கிவிடுமே என்று தோன்றும். இடத்தட்டுப்பாடு மட்டும் காரணமென்றால் யாராவது எப்போதோ செய்திருப்பார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்தக் கன்சோல் ஒரு யூனிகோடு குறிக்கு ஒரு கட்டம் என்றுதான் வரையும். "கொ" என்பதை யூனிகோடில் ககரம், அதன்பின் ஒகரக் குறி என இரண்டாக வைத்திருக்கிறோம். அந்தக் குறி எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து வர வேண்டும். "கி", "கு" என்றால் எழுத்தோடு ஒட்ட வேண்டும். அப்படிச் சேர்த்தும் இடம்மாற்றியும் வரையும் இயந்திரம் கர்னலுக்குள் இல்லை.

நடைமுறைத் தீர்வு, கன்சோலில் மட்டும் செய்திகளை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்வது. கணினி மொழியைத் தமிழாக வைத்திருப்பவர்களுக்குப் பிழைச் செய்திகூடக் கட்டமாக வந்தால் ஆபத்து, அவசரத்துக்கு வந்த இடத்தில் எதுவும் படிக்க முடியாது. வீட்டு அடைவில் உள்ள .ப்ரொஃபைல் கோப்பில் ஒரு நிபந்தனை எழுதுங்கள்: டெர்ம் மாறியின் மதிப்பு "லினக்ஸ்" என்றால் எல்சி_ஆல் மாறியைச் "சி.யூடிஎஃப்-8" என்று வைத்து ஏற்றுமதி செய். மாறிகளின் பெயர் பெரிய எழுத்து. மதிப்பில் சியும் யூடிஎஃப்பும் பெரிய எழுத்து, லினக்ஸ் சின்ன எழுத்து. கர்னல் கன்சோலில் மட்டும்தான் டெர்ம் அந்த மதிப்பில் இருக்கும், வரைகலை டெர்மினலில் தமிழ் தமிழாகவே தொடரும்.

தமிழ்ப் பெயருள்ள கோப்புகள் கட்டமாகத் தெரிந்தாலும் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும். கட்டத்தைப் பார்த்து அழித்துவிடாதீர்கள். பெயரைத் தட்ட முடியாதபோது "எல்எஸ் -ஐ" கொடுத்தால் ஐநோடு எண் (கோப்பின் அடையாள எண்) வரும், "ஃபைண்ட் . -ஐநம்" என்பதோடு அந்த எண்ணைச் சேர்த்தால் அந்த ஒரு கோப்பைப் பிடிக்கலாம். தமிழை வாசித்தே ஆக வேண்டும் என்றால் வேறொரு கணினியின் வரைகலை டெர்மினலிலிருந்து எஸ்எஸ்ஹெச் போட்டு வாருங்கள்.

எழுத்து எறும்பு அளவில் இருக்கிறது

வழக்கமான கன்சோல் எழுத்து 8க்கு 16 புள்ளி. 1920க்கு 1080 திரையில் அது வரிக்கு 240 எழுத்து, 67 வரி, படிக்கலாம். 3840க்கு 2160 என்றால் வரிக்கு 480 எழுத்து, 135 வரி, கண் போய்விடும். டெபியனில் "சுடோ டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கன்சோல்-செட்டப்" கொடுத்து டெர்மினஸ் எழுத்துருவில் 16க்கு 32 அளவைத் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றில் டெர்மினஸ் எழுத்துருத் தொகுப்பை நிறுவி "செட்ஃபான்ட் டெர்-வி32என்" என்று சோதித்துவிட்டு, விகன்சோல்.கான்ஃப் கோப்பில் ஃபான்ட் வரியாக (ஃபான்ட் என்பது முழுக்கப் பெரிய எழுத்து) எழுதுங்கள். பெயரில் 32 என்பது உயரம், கடைசி எழுத்து என் என்றால் சாதாரணம், பி என்றால் தடிமன். எதையும் நிறுவ நேரமில்லை என்றால் "செட்ஃபான்ட் -டி" இருப்பதையே இரட்டிப்பாக்கும். அழகாக இருக்காது, ஆனால் தெரியும்.

எழும்போது பெரிதாக வந்து சில நொடியில் மறுபடி சின்னதாகிவிட்டால், எழுத்துரு ஏறிய பிறகு கிராஃபிக்ஸ் டிரைவர் வந்து திரையைப் புதிதாக எடுத்துக்கொள்கிறது என்று பொருள். டிரைவரை இனிட்ராம்எஃப்எஸ்ஸிலேயே சேர்த்து முன்கூட்டி ஏற்றுங்கள்.

வரைகலை உறைந்துவிட்டது, கீபோர்டு எதற்கும் அசையவில்லை

வரைகலைச் சூழல் ஓடும்போது அந்த முனையத்தின் கீபோர்டைக் கர்னல் எழுத்தாக மாற்றுவதில்லை. அது செத்துப்போனால் கீபோர்டு யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கும். அதைக் கர்னலிடம் திருப்பித் தருவதுதான் ஆல்ட்+சிஸ்ஆர்க்யூ+ஆர். சிஸ்ஆர்க்யூ என்பது பிரின்ட்ஸ்கிரீன் விசைதான். லேப்டாப்பில் எஃப்என்னும் சேரலாம். அதன் பிறகு கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 வேலை செய்ய வேண்டும்.

இங்கே உபுண்டு பயனர்களுக்கு ஒரு செய்தி. இந்த வசதியை எந்த அளவுக்கு அனுமதிப்பது என்பதைக் கர்னல்.சிஸ்ஆர்க்யூ என்ற எண் முடிவு செய்கிறது. அது பல அனுமதிகளைக் கூட்டி வந்த எண். கீபோர்டு தொடர்பான அனுமதியின் மதிப்பு 4. உபுண்டுவில் வருவது 176, அதாவது 128, 32, 16 மூன்றின் கூட்டு. நான்கு அதில் இல்லை. ஆகவே ஆர் வேலை செய்யாது, ஆனால் பாதுகாப்பாக ரீபூட் செய்யும் எஸ், யூ, பி மூன்றும் வேலை செய்யும். டெபியனில் 438, அதில் நான்கும் சேர்ந்திருக்கிறது. உபுண்டுவில் வேண்டும் என்றால் /ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி அடைவில் ஒரு கோப்பு போட்டு 180 என்று வையுங்கள். உறைந்த பிறகு வைக்க முடியாது, இன்றைக்கே வைக்க வேண்டும்.

எஸ்எஸ்ஹெச் இருந்தால் இதெல்லாம் இல்லாமலே சமாளிக்கலாம். "சுடோ சிஹெச்விடி 3" கொடுங்கள். அது திரும்பி வராமல் தொங்கினால் செத்த வரைகலை நிரல் முனையத்தை விடமாட்டேன் என்கிறது. "லாகின்சிடிஎல் டெர்மினேட்-செஷன்" உடன் அமர்வு எண்ணைக் கொடுத்து அதை முடித்துவிட்டு மறுபடி செய்யுங்கள். திரை வந்தும் எழுத்து வரவில்லையென்றால் கேபிடி_மோட் கட்டளைக்கு -யூ கொடுத்து, -சி (பெரிய எழுத்து) உடன் /டெவ்/டிடிஒய்3 என்று சுட்டுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வரைகலையின் முனையத்தில் இதைச் செய்துவிடாதீர்கள். நீங்கள் தட்டுவது வரைகலைக்கும் பின்னால் உள்ள கன்சோலுக்கும் சேர்ந்தே போகும், ஒரு கன்ட்ரோல்+சி போதும் எல்லாம் விழ.

திரை நின்றுவிட்டது, அல்லது எழுத்தெல்லாம் கோலமாகிவிட்டது

நின்றுவிட்டதா? கன்ட்ரோல்+க்யூ அழுத்துங்கள். சேமிக்கிற ஞாபகத்தில் கன்ட்ரோல்+எஸ் அழுத்தியிருப்பீர்கள், டிடிஒய் அடுக்கு அதை "நிறுத்து" என்று எடுத்துக்கொள்ளும். ஸ்க்ரோல்லாக்கும் இதையே செய்யும். இனிமேல் வேண்டாம் என்றால் .பேஷ்ஆர்சி கோப்பில் "எஸ்டிடிஒய் -இக்ஸான்" (ஐ, எக்ஸ், ஓ, என்).

உரையல்லாத பைனரிக் கோப்பைக் கேட் கட்டளையால் திரையில் கொட்டிக் கோலமாகிவிட்டது என்றால், தட்டுவது தெரியாவிட்டாலும் பரவாயில்லை, என்டர், "ரீசெட்", என்டர். என்டரும் வேலை செய்யவில்லையா, அதற்குப் பதில் கன்ட்ரோல்+ஜே.

பேக்ஸ்பேஸ் அழுத்தினால் தொப்பிக் குறியும் ஹெச்சும் அல்லது தொப்பியும் கேள்விக்குறியும் வந்தால் "எஸ்டிடிஒய் இரேஸ்" என்று தட்டி, இடைவெளி விட்டு, கன்ட்ரோல்+வி, பிறகு பேக்ஸ்பேஸ், என்டர். அவ்வளவுதான்.

ஷிஃப்ட்+பேஜ்அப் முன்பு மேலே போகும், இப்போது போவதில்லை

உங்கள் கீபோர்டில் குறை இல்லை. மேலே உருட்டும் கர்னல் நிரலில் பாதுகாப்பு ஓட்டைகள் தென்பட்டதாலும், அதைப் பராமரிக்க ஆள் இல்லாததாலும், 2020இல் வந்த கர்னல் 5.9இல் மென்பொருள் வழி ஸ்க்ரோல்பேக்கை எடுத்துவிட்டார்கள். திரும்ப இயக்க எந்த அமைப்பும் கிடையாது. நீளமான வெளியீட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ்ஸுக்குத் திருப்புங்கள் அல்லது உள்ளே போனதும் வெளியீட்டை நினைவில் வைத்திருக்கும் டிமக்ஸ் நிரலைத் திறந்துகொள்ளுங்கள், கன்ட்ரோல்+பி அழுத்திச் சதுர அடைப்பைத் திறந்தால் மேலே போகலாம். எழும்போது ஓடி மறைந்த செய்திகளுக்கு "ஜர்னல்சிடிஎல் -பி".

தட்டிக்கொண்டிருக்கும்போதே கர்னல் செய்திகள் குறுக்கே வந்து விழுகின்றன

"சுடோ டிமெசேஜ் -என் 1" (டி, எம், ஈ, எஸ், ஜி) வாயை அடைக்கும். நிலையாக வேண்டும் என்றால் சிஸ்சிடிஎல்.டி அடைவில் கர்னல்.பிரின்ட்கே = 3 4 1 3. கலைந்த திரையை கன்ட்ரோல்+எல் சரிசெய்யும். ஆனால் அடைப்பதற்கு முன்னால் ஒரு தடவை அந்தச் செய்தியைப் படித்துவிடுங்கள். வட்டில் படிக்கவோ எழுதவோ முடியவில்லை என்ற பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்றால் செய்தியை அல்ல, வட்டைத்தான் மாற்ற வேண்டும்.

ஒரே ஒரு விசை மட்டும் சரியில்லை, அல்லது வேறு வேலை செய்ய வேண்டும்

கன்சோலில் "சுடோ ஷோகீ" கொடுத்து அந்த விசையை அழுத்துங்கள். அழுத்துவதை நிறுத்தி பத்து நொடியில் அது தானாக வெளியேறிவிடும், பயப்படாதீர்கள். எண் வந்தால் கீமேப்பில் வேலை. எண்ணே வரவில்லையென்றால் டிமெசேஜ் வெளியீட்டைப் பாருங்கள். "செட்கீகோட்ஸ் பயன்படுத்து" என்று கர்னலே ஒரு வரி விட்டிருக்கலாம். அப்படியென்றால் ஸ்கேன்கோடு வருகிறது, அதற்கு எண்தான் இல்லை. நிலையாகச் சரிசெய்ய /ஈடிசி/யுடெவ்/ஹெச்டபிள்யூடிபி.டி அடைவில் ஒரு கோப்பு எழுதுவதே மேல், அது வரைகலைக்கும் சேர்த்துப் பலன் தரும். அந்த வரியும் இல்லை என்றால் விசையைத் திறந்து தூசி தட்டுங்கள்.

கேப்ஸ்லாக்கைக் கன்ட்ரோலாக மாற்றுவதுதான் அதிகம் கேட்கப்படுவது. கேப்ஸ்லாக்கின் கீகோடு 58, இடப்பக்கக் கன்ட்ரோல் 29. டெபியனில் கீபோர்டு கோப்பின் விருப்பங்கள் வரியில் "கன்ட்ரோல்:நோகேப்ஸ்" (சி, டி, ஆர், எல், முக்காற்புள்ளி, நோகேப்ஸ்) போட்டு செட்டப்கான் கொடுத்தால் இரண்டு உலகத்திலும் மாறிவிடும். மற்ற இடங்களில், டம்ப்கீஸ் வெளியீட்டின் கீமேப்ஸ் வரியை ஒரு கோப்பில் எடுத்து, அடுத்த வரியில் "கீகோடு 58 = கன்ட்ரோல்" (கன்ட்ரோலின் முதலெழுத்து பெரியது) எழுதி லோட்கீஸுக்குக் கொடுங்கள்.

நம்லாக் எரியாமல் எழுந்தால் "செட்லெட்ஸ் -டி +நம்", டி பெரிய எழுத்து, முனையத்துக்கு முனையம் தனித்தனி. விசை திரும்ப அடிக்கும் வேகம் போதவில்லை என்றால் "கேபிடிரேட் -ஆர் 30 -டி 250".

லினக்ஸ் இல்லை, பிஎஸ்டி என்றால்

பிஎஸ்டி என்பது லினக்ஸைப் போன்ற வேறொரு இயங்குதளக் குடும்பம். அதில் ஒன்றான ஃப்ரீபிஎஸ்டியில் மேலே உள்ள கட்டளைகளைத் தேடாதீர்கள். அங்கே லோட்கீஸின் வேலையைச் செய்வது கேபிடிகன்ட்ரோல், எழுத்துருவுக்கு விட்கன்ட்ரோல். லேஅவுட்டைத் தேர்ந்தெடுக்கக் கேபிடிமேப் என்று ஒரு மெனுவே இருக்கிறது, நிலையாக்க /ஈடிசி/ஆர்சி.கான்ஃப் கோப்பில் கீமேப் வரி. கீமேப் கிடைக்கவில்லை என்று எழும்போது முனகினால், அது பழைய சிஸ்கான்ஸ் காலத்துப் பெயராக இருக்கலாம். இப்போதுள்ள விடி கன்சோலுக்கான பெயர்கள் /யூஎஸ்ஆர்/ஷேர்/விடி/கீமேப்ஸ் அடைவில் இருக்கின்றன.

முனையங்கள் /ஈடிசி/டிடிஒய்ஸ் கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதியிருக்கும், லாகின் ஓடுவது எட்டில், டிடிஒய்வி0 முதல் டிடிஒய்வி7 வரை. ஒன்பதாவது எக்ஸ் என்கிற வரைகலைக்கு என்பதால் கன்சோலிலிருந்து வரைகலைக்குத் திரும்ப ஆல்ட்+எஃப்9. கோப்பைத் திருத்தியதும் "கில் -ஹெச்யூபி 1" (ஹெச்யூபி பெரிய எழுத்து) கொடுத்தால்தான் இனிட் மறுபடி படிக்கும். அதே கோப்பில் கன்சோல் வரியில் "செக்யூர்" என்பதை "இன்செக்யூர்" ஆக்கினால் ஒற்றைப் பயனர் நிலையில் ரூட் பாஸ்வேர்டு கேட்கும். பாஸ்வேர்டு மறந்துபோனால் அந்தக் கதவும் உங்களுக்கு மூடியிருக்கும், யோசித்துச் செய்யுங்கள். மேலே உருட்ட இங்கே ஸ்க்ரோல்லாக்கை அழுத்திவிட்டு பேஜ்அப். லினக்ஸில் போன வசதி இங்கே இன்னும் இருக்கிறது.

ஓபன்பிஎஸ்டியில் "டபிள்யூஎஸ்கான்ஸ்சிடிஎல் கீபோர்டு.என்கோடிங்=யூஎஸ்" தற்காலிகம், அதே "கீபோர்டு.என்கோடிங்=யூஎஸ்" என்ற வரியை /ஈடிசி/டபிள்யூஎஸ்கான்ஸ்சிடிஎல்.கான்ஃப் கோப்பில் எழுதினால் நிலையானது. அங்கே எக்ஸ் ஐந்தாவது முனையத்தில் ஓடும், ஆகவே திரும்ப கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்5.